கண்ட்ரோல் அரிசியும் கரி பஸ்ஸும்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

போர்க்காலத்தைப் பார்த்த பெரியவர்களைப் பற்றியும், அவர்களோடு இன்றைய நம்மை ஒப்பிட்டும் கொங்குப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். போர்க்காலம் என்று இங்கே சொல்வது 1939 செப்டம்பரில் தொடங்கி 1945 ஆகஸ்டில் முடிந்த இரண்டாம் உலகப் போரை. ஆனால் அதன் தட்டுப்பாடும், ‘கண்ட்ரோல்’ என்று மக்கள் சொன்ன அரசுப் பங்கீட்டுக் கட்டுப்பாடும் 1952 வரை வீடுகளை விட்டுப் போகவில்லை என்பதால் அந்த ஆண்டுகளையும் சேர்த்தே பேசுகிறோம்.

கண்ட்ரோல் காலத்துல ஆளுக்கு அளந்துதான் போட்டாங்கன்னு எங்க அப்பத்தா சொல்லும். எவ்வளவு போட்டாங்க? அதை வெச்சு இன்னைக்கு ஒரு குடும்பம் ஓட்ட முடியுமுங்களா?
ஒரு வாசகி, பல்லடம்

1943இல் அரசு அமைத்த உணவு தானியக் கொள்கைக் குழு, நகரங்களில் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் கிடைக்க வேண்டும் என்றது. ஒரு பவுண்டு 454 கிராம். மாதக் கணக்கில் 13.6 கிலோ. போர் முடிந்ததும் நிலைமை சீராகவில்லை, இன்னும் மோசமானது. 1946இல் நாட்டின் பல பகுதிகளில் அது 12 அவுன்ஸாக, அதாவது 340 கிராமாகச் சுருங்கியது. மாதத்துக்கு 10 கிலோ 200 கிராம்.

இதைப் படித்ததும் உங்கள் வீட்டு அரிசிச் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். நான்கு பேருக்கு 40 கிலோவுக்கு மேல் வருகிறதே, நாமே அவ்வளவு சமைப்பதில்லையே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு ஏமாற்றும். இன்று நாம் அரிசியைக் குறைத்துக்கொண்டது எண்ணெய், பால், முட்டை, சர்க்கரை, பருப்பு எல்லாம் தட்டுக்கு வந்ததால். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் உடம்புக்கு வேண்டிய தெம்பு முழுவதும் தானியத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். 340 கிராம் அரிசி தருவது 1,200 கலோரிக்கும் சற்றுக் குறைவு. விடியற்காலையில் கவலை (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்பாடு) பூட்டி உச்சிப்பொழுது வரை தண்ணீர் இறைக்கும் ஆளுக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும்.

தட்டுப்பாட்டுக்குப் பெரிய காரணம் பர்மா. போருக்கு முன்பு ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது. ஆனால் கொங்கு நாட்டுக் காட்டுப்பக்கத்து ஊர்களில் அரிசிச் சோறு நோன்பு நொடிக்கும் விருந்துக்கும்தான். அன்றாடம் சோளமும் கம்பும் ராகியும். அதனால் பர்மா அரிசி நின்ற அடி முதலில் விழுந்தது கோவை மில் தொழிலாளர் போன்ற நகரத்து மக்கள் மேல். கிராமத்தை வேறு விதமாக அடித்தது. வீட்டுக்கும் விதைக்கும் போக மிச்சத் தானியத்தை அரசு சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காது, துணி கிடைக்காது, ஏர்க்கொழுவுக்கு இரும்பு கிடைக்காது. உங்கள் அப்பத்தா நகரத்தில் இருந்தாரா கிராமத்தில் இருந்தாரா என்று கேளுங்கள். ‘அளந்து போட்டாங்க’ என்பதன் அர்த்தம் அதைப் பொறுத்து மாறும்.

இன்றைய ரேஷனோடு ஒப்பிடுவதானால், நம் மாநிலத்தில் அரிசி அட்டைக்கு ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாதம் 20 கிலோ வரையும், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோவும் 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. வெளிக்கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். அன்றைக்கு வெளிக்கடை என்பது கள்ளச்சந்தை.

ஒருநாள் செய்து பார்க்க நினைத்தால், பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். காலையில் ஆளுக்கு 340 கிராம் தானியத்தைத் தராசில் நிறுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். இட்லி மாவும் அதிலிருந்துதான், இரவுச் சோறும் அதிலிருந்துதான். எண்ணெய் ஆளுக்கு இரண்டு தேக்கரண்டி. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதில் இறங்க வேண்டாம்.

பெட்ரோல் இல்லாம கரியில பஸ் ஓடுச்சுன்னு எங்க அப்புச்சி சொன்னாருங்க. வகுப்புல சொன்னா சிரிக்கறாங்க. நிஜமா?
ஒரு மாணவர், தாராபுரம்

நிஜம். சிரித்தவர்களுக்கு அது ஓடிய விதத்தை விளக்கிச் சொல்லுங்கள்.

1941இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மதராஸ் மாகாணம் முழுக்கப் பேருந்துகளின் பின்புறத்தில் உயரமான இரும்பு உலை ஒன்றைப் பொருத்தினார்கள். எஞ்சினுக்குள் போனது கரி அல்ல, அதிலிருந்து எடுத்த வாயு. மேலே மூடி போட்ட கரித்தொட்டி, அடியில் சல்லடைத் தட்டு, பக்கத்தில் காற்று நுழைய ஒரு குழல். போதிய காற்று கிடைக்காமல் கரி எரிந்தால் முழுக்க எரியாது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும். வரும் வாயுவில் அது கால் பங்குக்கு மேல் இருக்கும், கொஞ்சம் ஹைட்ரஜன் இருக்கும், பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். இந்தச் சூடான வாயுவைக் குழாய்களில் சுற்றவிட்டு ஆற வைத்து, துணியும் தேங்காய் நாரும் அடைத்த வடிகட்டிகளில் தூசி எடுத்து, எஞ்சின் வாயில் காற்றோடு கலந்து உள்ளே விடுவார்கள்.

புறப்படும் முறை பொறுமையைக் கேட்கும். தொட்டியில் கரி நிரப்பி, காற்றுக் குழல் வழியாக எண்ணெய்த் துணியால் தீ வைத்து, கையால் சுற்றும் ஊதியை ஐந்து பத்து நிமிடம் சுற்ற வேண்டும். சோதனைக் குழாயின் வாயில் தீக்குச்சி காட்டினால் வாயு அணையாமல் எரிய வேண்டும். அதன்பிறகுதான் எஞ்சினைச் சுழற்றுவார்கள். பலர் கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பிவிட்டு வாயுவுக்கு மாற்றுவார்கள். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஈடாக ஐந்தரை முதல் ஏழு கிலோ வரை கரி வேண்டும். காலன் என்பது நாலரை லிட்டர்.

மேட்டில் ஏன் இறங்கித் தள்ளினார்கள் என்றால், சிலிண்டர் நிறையப் பெட்ரோல் கலவை அடைப்பதற்கும் இந்த வாயுக் கலவை அடைப்பதற்கும் உள்ளே போகும் ஆற்றல் ஒன்றல்ல. எஞ்சினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். இந்த வாயு மெதுவாக எரிவதால் பொறி விழும் நேரத்தையும் முன்கூட்டி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இன்னும் திணறும். ஈரக் கரி போட்டால் உலையின் சூடு இறங்கி வாயு கெடும். சரியாக வேகாத கரி என்றால் தார் வந்து வால்வில் ஒட்டும். வடிகட்டியைத் தினமும் தட்டாவிட்டால் சாம்பல் தூசி பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். ஒரு நல்ல டிரைவருக்குக் கரியை உடைத்துப் பார்த்தே தரம் சொல்லத் தெரியும்.

வகுப்பில் செய்துகாட்டும் எண்ணம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய கொட்டகையில் உலையை எரியவிட்டால் ஆள் மயங்கியே உயிர் போகும். படம் வரைந்து விளக்குங்கள், போதும்.

சோளச்சோறு ஆக்கினால் பசையாகிவிடுகிறது. கம்மஞ்சோறு கசக்கிறது. பாட்டி கையில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது?
ஒரு வாசகி, அந்தியூர்

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. முதலில் கசப்பு. கம்பில் கொழுப்பு அதிகம், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில். தானியம் முழுதாக இருக்கும்வரை அது கெடாது. இடித்து மாவாக்கியதும் காற்றுப்பட்டு சில நாளில் காறல் வந்துவிடும். கடையில் வாங்கும் கம்பு மாவு எத்தனை நாளுக்கு முன் அரைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. பாட்டிமார் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு இடித்தார்கள். நீங்களும் முழுக் கம்பாக வாங்கி, இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் உடையுங்கள்.

பசைக்குக் காரணம், மாவையும் நொய்யையும் பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டுவது. ஒரு டம்ளர் சோளத்துக்கு முறை சொல்கிறோம். கை நனைத்துத் தெளிக்கும் அளவு தண்ணீர் தெளித்துப் பிசறி, பத்து பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். மேல்தோல் மட்டும் ஊறினால் போதும். ஊற வைத்துவிட்டால் உள்பருப்பும் இளகி இடிக்கும்போதே கூழாகும். உரலில் குத்தித் தவிடு நீக்க வேண்டும். உரல் இல்லாவிட்டால் மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று. பிறகு முறத்தில் புடைத்துத் தவிட்டைத் தள்ளுங்கள். இதை விட்டால்தான் தொண்டையில் அறுக்கும். புடைத்ததை மறுபடி உடைத்துச் சலித்தால் மேலே நொய், கீழே மாவு.

அடிகனமான பாத்திரத்தில் நாலரை டம்ளர் தண்ணீரும் உப்பும் கொதிக்கட்டும். நொய்யை மட்டும் போட்டுக் கிளறி, சிறு தீயில் இருபது நிமிடம். நொய்யை விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது. அப்போது மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, துடுப்பால் விடாமல் கிளறி, இன்னும் ஐந்தாறு நிமிடம். இறக்கி மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் மறுநாள் காலை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். கம்புக்கும் இதே முறைதான், தண்ணீர் அரை டம்ளர் குறைவு. கொள்ளுப் பருப்பு கடைந்து ஊற்றிச் சாப்பிட்டால் அதற்கு ஈடு இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சோற்றுக்கு ஒரு வீட்டில் தினமும் ஒன்றரை மணி நேரமாவது உலக்கை பிடித்தாக வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் பெண்கள் தோளில் இருந்தது. இன்று மிக்ஸி அதை ஐந்து நிமிடமாக்கிவிட்டது. பாரம்பரிய உணவைப் போற்றும்போது இதை மறந்துவிடக் கூடாது.

போர்க்காலத்துத் தலைமுறை கட்டுப்பாடானது, சிக்கனமானது. இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றுக்கும் பொறுப்பில்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?
ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பாதியைத்தான் ஒப்புக்கொள்வோம், ஐயா.

சிக்கனம் அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. இல்லாமை அவர்களைப் பழக்கியது. அதே மனிதர்களுக்கு நடுவில்தான் மூட்டையைப் பதுக்கியவர்களும், கண்ட்ரோல் துணியை ராத்திரியில் இரட்டை விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். கள்ளச்சந்தை என்ற பேச்சு வீடுவீடாகப் புழங்கியது அந்த ஆண்டுகளில்தான். 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்து ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது கணக்கு. கிடங்கில் நெல்லை வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

எல்லோரும் ஒரே அளவு கஷ்டப்பட்டார்கள் என்பதும் சரியல்ல. தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுக்குத் தட்டுப்பாடு என்றால் வேட்டி பழசாவது. அதே தோட்டத்துப் பண்ணையாளுக்கு அது உலை ஏறாத நாள். கூலியைத் தானியமாக வாங்கியவர்களை விலையேற்றம் அவ்வளவாகத் தொடவில்லை. காசாக வாங்கியவர்கள் நொறுங்கிப் போனார்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கவே இடமில்லாத மக்கள் அந்தத் தலைமுறையில்தான் இருந்தார்கள். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஏன் நினைக்க வேண்டும்? 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியர் ஒருவரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 32 ஆண்டு. இன்று எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெற்ற பிள்ளைகளில் இரண்டு மூன்றைப் பறிகொடுக்காத வீடு அன்று அரிது. அந்தப் பொறுமையைப் புகழ்கிறோம், அது எதனால் வந்தது என்பதைச் சொல்வதில்லை.

சரி, இன்றைய பிள்ளைகளுக்குச் சோதனையே வரவில்லையா? 2020 மார்ச் 25 அன்று நாடு மூடப்பட்டது. திருப்பூரில் ஆர்டர் நின்ற பனியன் கம்பெனிகள் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் மாறின. வடக்கேயிருந்து வந்து தைத்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்குச் சாப்பாடு போட்டவர்களில் பலர் நீங்கள் சொல்லும் ‘பிள்ளைகள்’தான். 1942இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் காட்டு வழியில் நடந்தே வந்தார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல ஆயிரம். 2020இல் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தவர்களுக்கும் அவர்களுக்கும் மனத்திடத்தில் என்ன வித்தியாசம் கண்டீர்கள்?

ஒப்புக்கொள்ளும் பாதி இது. அந்தப் பெரியவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கணக்கு கைவிரலில் இருந்தது. தொம்பையில் (தானியக் குதிரில்) எத்தனை வள்ளம் (படி போன்ற ஓர் அளவு) சோளம் இருக்கிறது, அது எந்த மாசம் வரை வரும், விதைக்கு எதைத் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். துவரையைச் செம்மண் கட்டி வைத்தால் வண்டு அண்டாது, எவ்வளவு காய்ந்தால் கட்ட வேண்டும் என்று தெரியும். அறுந்த வடத்தை முறுக்கத் தெரியும். அது இன்று நம்மிடம் குறைந்துவிட்டது, இளைஞர்களிடம் மட்டுமல்ல, அறுபது வயதுக்காரர்களிடமும். உங்கள் வீட்டில் இப்போது எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்று டப்பாவைத் திறக்காமல் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளைத் திட்டுவதை விட இந்தக் கணக்கை அவர்களுக்குப் பழக்கலாம், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊரில் தறி நின்று போனது போர்க்காலத்தில்தான் என்கிறார்கள். மில்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கைத்தறி ஏன் நிற்க வேண்டும்?
ஒரு நெசவாளர், சென்னிமலை

நூல்தான் காரணம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபிறகு கோவையில் மில்கள் பெருகின. கைத்தறிக்காரர் அந்த மில் நூலை நம்பியிருந்தார். போர் வந்ததும் மில்களுக்கு ராணுவத் துணி ஆர்டர் குவிந்தது. நூலைத் தாங்களே நெய்துகொண்டால் லாபம், வெளியே விற்பானேன்? மிச்சம் வந்த சிட்ட நூலும், அதாவது கட்டுக்கட்டாகச் சுற்றிய நூலும், இடைத்தரகர் கிடங்கில் தங்கியது. 1943 ஜூனில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்து, துணியிலேயே விலையை முத்திரை குத்தச் சொன்னார்கள். விலை அடங்கியது, ஆனால் சரக்கு கண்ணில் படவில்லை. பெரியவர்கள் நூலின் நம்பர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். 840 கெஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்றால் அது நாற்பதாம் நம்பர், நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. எந்த நம்பர் கிடைக்காமல் போனது என்று தெரிந்தால் எந்தத் துணி நின்றது என்று சொல்லிவிடலாம். நாற்பதாம் நம்பரைப் போட்டுச் சேலை நெய்த தறி, இருபதாம் நம்பர் மட்டுமே கிடைத்தபோது துண்டுக்கும் போர்வைக்கும் மாறியிருக்கும்.

தகரப் பெட்டியில் தாத்தாவின் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகமும் நான்கு பதக்கங்களும் கிடைத்தன. அவர் எங்கே போரிட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
ஒரு வாசகர், நம்பியூர்

பதக்கத்தைப் புளியோ பிரஷோ போட்டுத் தேய்க்காதீர்கள், இதுதான் முதல் வேலை. நாடா நிறம்தான் உங்களுக்கு முதல் தடயம், அதையும் துவைக்காதீர்கள். ஆறு முனை வெண்கல நட்சத்திரத்தின் நடுவில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பர்மா நட்சத்திரம் என்றால் நாடாவின் நடுவே சிவப்பு, இரு ஓரமும் கருநீலம், அவற்றின் நடுவில் ஆரஞ்சுக் கோடு. அஸ்ஸாம், மணிப்பூர், பர்மா பக்கம் இருந்திருக்கிறார். ஆப்பிரிக்கா, இத்தாலி நட்சத்திரங்களும் உண்டு. இந்திய வரைபடம் பொறித்து 1939-45 என்று போட்ட வட்டப் பதக்கம் இந்தியாவிலேயே மூன்றாண்டு வேலை பார்த்ததற்குத் தரப்பட்டது. அதனால் அது ஒன்றை மட்டும் வைத்து வெளிநாட்டுச் சண்டைக்குப் போனார் என்று எழுதிவிடக் கூடாது.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படை எண், பிரிவின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகிய நான்கையும் அப்படியே எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். மேலும் விவரம் வேண்டுமானால் அந்தந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு. முகவரிக்கும் விண்ணப்ப முறைக்கும் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். நம் ஊர்க்காரர்களில் பலர் துப்பாக்கி ஏந்தியவர்கள் அல்லர். லாரி ஓட்டினார்கள், பாலம் கட்டினார்கள், ரோடு போட்டார்கள். அதையும் பெருமையாகவே எழுதுங்கள். சாலையில்லாமல் ஒரு படை நகராது.

தேடும்போது அதிகம் வழுக்குவது ஊர்ப் பெயரில். ஈரோடு மாவட்டம் 1979இல்தான் பிரிந்தது, திருப்பூர் 2009இல். தாத்தாவின் தாளில் கோயம்புத்தூர் ஜில்லா, கோபி தாலுகா என்றுதான் இருக்கும். நாமக்கல்காரருக்குச் சேலம் ஜில்லா, கரூர்காரருக்குத் திருச்சி ஜில்லா. பெயரின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலும் எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. பழனிச்சாமியை ஐந்தாறு விதமாக எழுதித் தேட வேண்டும்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயரும் எண்ணும் கிடைக்கலாம். பர்மாவில் கல்லறை இல்லாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் அருகே தவுக்கியான் நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன, அவர்களில் மிகப் பலர் இந்தியர்கள். உயிரோடு திரும்பியவர் பெயர் அந்தப் பட்டியலில் வராது. அங்கே இல்லை என்பதால் அவர் போருக்குப் போகவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

எங்க அப்புச்சிக்கு 97 வயசாச்சுங்க. நல்லாப் பேசறாரு. அவரு சொல்றதைப் பதிவு பண்ணி வெக்கணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியலீங்க.
ஒரு வாசகி, காங்கேயம்

இந்த வாரமே தொடங்குங்கள். போர்க்காலத்தை வளர்ந்த கண்ணால் பார்த்தவர்களில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம் நல்லது. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும். அதற்குமேல் களைப்பில் பழைய கதையே திரும்பி வரும். பதிவு செய்யலாமா என்று முதலில் கேட்டு, அவர் சரி என்பதையும் பதிவிலேயே சேருங்கள். காது நன்றாகக் கேட்கும் பக்கம் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் அவர் வாயிலிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள். வெறும் பலகைமேல் வைத்தால் கை பட்ட சத்தமெல்லாம் ஏறும். பக்கத்தில் மருமகனோ மகனோ உட்கார்ந்து, ‘அது அப்படி இல்லீங்க மாமா’ என்று திருத்திக்கொண்டே இருந்தால் பெரியவர் வாயை மூடிக்கொள்வார். அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அப்பெல்லாம் ரொம்பக் கஷ்டமுங்களா அப்புச்சி?’ என்று கேட்டால் ‘ஆமா சாமி’ என்பதோடு முடிந்துவிடும். காலையில் எந்த ஏனத்தில் என்ன குடித்தார், ராத்திரி விளக்குக்கு எந்த எண்ணெய், வருசத்துக்கு எத்தனை வேட்டி, கிழிந்ததை யார் தைத்தார்கள், உப்பு எங்கிருந்து வந்தது, ஒரு வள்ளம் சோளம் என்ன விலை விற்றது, கவலைக்கு வடக்கயிறும் தும்பி என்ற தோல் குழாயும் யார் செய்து கொடுத்தார்கள், தண்ணீர் மொள்ளும் சால் கிழிந்தால் என்ன செய்தார்கள் என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள். ஒரு பொருளைப் பிடித்தால் அதன் பின்னால் ஆட்கள் வருவார்கள், ஆட்களின் பின்னால் ஊர் வரும். அம்மாயி இருந்தால் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அளவும் விலையும் பெண்களுக்குத்தான் துல்லியமாக நினைவிருக்கும். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது காலத்தை நிலைநிறுத்துவது. பெரியவர்கள் ஆங்கில வருடம் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நம்ப வேண்டாம். தமிழ் வருடத்தைக் கேளுங்கள். 1942 சித்திரையில் தொடங்கியது சித்திரபானு, அடுத்தது சுபானு, பிறகு தாரண. போர் முடிந்தது பார்த்திப வருடத்தில். அடுத்து விய. வருடமும் நினைவில்லை என்றால் நிகழ்ச்சியைக் கொண்டு பிடியுங்கள். சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைத்தது 1942 ஆகஸ்டில். சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வரைத் தூக்கிலிட்டது 1946 ஜனவரி 8. காந்தி பழனிக்கு வந்தது அதே ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில். அதற்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள்.

குழப்பம் வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். ‘சண்டைக் காலம்’ என்று அவர் சொல்வது 1962 சீனப் போராகவும் இருக்கலாம், 1965 அல்லது 1971 பாகிஸ்தான் போராகவும் இருக்கலாம். 1965ஐ ஒட்டியும் அரிசிக்கு அடிதடி இருந்தது. கண்ட்ரோல் கடை வரிசை என்றால் அது 1943 முதல் 1952 ஜூன் வரை எப்போதும் இருக்கலாம், அந்த ஜூனில்தான் ராஜாஜி அரசு கட்டுப்பாட்டை எடுத்தது. கதைக்குள் பவானிசாகர் அணை வேலை வந்தால் அது 1948க்குப் பிந்தியது. மனிதர்கள் கற்றாழைக் குருத்தைத் தின்றார்கள், பிணம் வழியில் கிடந்தது என்று வந்தால் கவனமாக இருங்கள். அது அவர் பார்த்ததல்ல, அவருடைய பாட்டி சொன்ன தாது வருடப் பஞ்சமாக இருக்கக்கூடும். அது 1876 முதல் 1878 வரை நடந்தது. ‘நீங்க பார்த்தீங்களா, யாராச்சும் சொல்லக் கேட்டீங்களா?’ என்று ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும் கேளுங்கள். இரண்டுமே பதிவுக்குரியவைதான், ஆனால் எது எதுவென்று எழுதி வைக்க வேண்டும்.

எழுதும்போது அவர் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றாதீர்கள். ‘அக்கட்டால’, ‘போசி’, ‘வேணுமுங்க’ எல்லாம் அப்படியே இருக்கட்டும். கோப்புக்கு ஆண்டு, மாதம், தேதி, ஊர் என்ற வரிசையில் பெயர் வைத்து, செல்போனில் ஒன்று, கணினியில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் கையில் ஒன்று என மூன்று பிரதி வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பியதை மட்டும் மூலப் பதிவு என்று நம்பிவிடாதீர்கள். அங்கே ஒலி நெரிக்கப்படும், செல்போன் மாற்றும்போது தொலைந்தும் போகும்.

உண்டியலில் நடுவில் ஓட்டை போட்ட காலணாக்கள் நிறைய இருக்கின்றன. விலை போகுமா?
ஒரு வாசகர், திருச்செங்கோடு

ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடித்தது. செம்பைச் சேமிக்கத்தான் நடுவில் துளை. 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. சாதாரண நிலையில் உள்ளதற்குப் பெரிய விலை வராது, லட்சம் தருகிறோம் என்று செல்போனில் அழைப்பவர்களுக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். அதே உண்டியலில் 1940 முதல் 1945 வரை தேதியிட்ட ரூபாய் நாணயம் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். போருக்காக வெள்ளியைக் குறைத்து அடித்ததென்றாலும் 11.66 கிராம் எடையில் பாதி வெள்ளி. எதையும் கழுவ வேண்டாம், காகித உறையில் போட்டு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.